நோ ட்ரம்ப் என்று சொன்ன பிறகு

கடதாசி விளையாட்டில், அதாவது சீட்டாட்டத்தில், கணவனும் மனைவியும் ஒரு சோடியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். எதிர்ச் சோடியில் இருந்து சண்டை பிடித்தால் அது விளையாட்டோடு போய்விடும். ஒரே சோடியில் இருந்து சண்டை பிடித்தால் வீடுவரை வரும், சமையலறைக்குள்ளும் வரும். இது நன்றாகத் தெரிந்திருந்தும் நானும் என் மனைவியும் பிரிட்ஜில் சோடியானோம். அதற்கு முழுப் பொறுப்பும் லாசாலில் இருந்த மன்னார் அண்ணையுடையது.

நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்டில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அண்ணை குடும்பம் கீழே, நாங்கள் மேலே. அவர் பஸ் ஓடினார். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவ தையல் தொழிற்சாலையில் வேலை செய்தா. நான் மருந்துத் தொழிற்சாலையில் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கும் வரிசையில் நின்றேன். என் மனைவி ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விட்டாள். சனிக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டால் நாலு பேரும் எங்கள் வீட்டில்தான். தொலைக்காட்சி வந்த பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் படுக்கை விரிப்பை மடித்துப் போட்டு, முந்நூற்றி நாலு விளையாடுவோம். வெளியே பனி கொட்டும். உள்ளே அக்கா பொரித்துக் கொண்டுவந்த மீன் ரோல்ஸ் ஆறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது நினைத்தால் அந்தப் பெட்டியைச் சுற்றி இருந்த காலம்தான் என் வாழ்க்கையின் பணக்காரக் காலம்போல் தோன்றுகிறது.

முந்நூற்றி நாலு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் துரும்பு எது, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனம் எது, என்று தீர்மானிப்பவர் ஒரு தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிடுவார். அது என்ன இனம் என்று எதிராளிக்கும் தெரியாது, சொந்தச் சோடிக்கும் தெரியாது. ஒருவர் வெட்டும்வரைக்கும் அந்தத் தாள் முகம் குப்புறத்தான் கிடக்கும். ஆகவே அதில் கெட்டிக்காரர் என்றால் கடதாசியை அல்ல, முகத்தைப் படிப்பவர். என் மனைவி அதில் அசல் கெட்டிக்காரி. நான் கலாவரையை, அதாவது கிளப்ஸை, துரும்பாக வைத்தால் என் இடப்பக்க மீசை துடிக்கிறதாம். ஒருமுறை அதற்காகவே மீசையை எடுத்துப் பார்த்தேன். பிறகு மீசைக்குக் கீழே இருந்த சொண்டு துடிக்கிறது என்றாள்.

காலம் போயிற்று. அவர்கள் லாசாலுக்குப் போனார்கள், நாங்கள் டொலார்ட் பக்கம் ஒரு வீடு வாங்கினோம். பிள்ளைகள் படிப்பு, வேலை, நேரம் மாறி நேரம் என்று சனிக்கிழமைகள் கைவிட்டுப் போயின. எல்லாரும் ஓய்வுக்கு வந்த பிறகு ஒருநாள் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட மாதா கோயில் நிலவறையில பிரிட்ஜ் படிப்பிக்கினம். மூளைக்கு நல்லதாம், மறதி வராதாம். உம்மட மனுசியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"அண்ணை, உங்கட கோயிலுக்கு நாங்கள் வந்தா ஆரும் ஏதும் சொல்லமாட்டினமோ?"

"பைபிள் படிக்கவோ கூப்பிட்டனான்? கடதாசி அடிக்க, காணும்!"

படிப்பித்தவர் ஒரு கியூபெக் அம்மா. எல்லாம் பிரெஞ்சில்தான். அண்ணை பஸ் ஓடிய பிரெஞ்சை வைத்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். முதல் நாளே அண்ணையும் அக்காவும் ஒரு சோடியென்று பெயர் கொடுத்துவிட்டார்கள். கோயிலில் சேர்த்துவைத்த ஆட்களைக் கடதாசிக்காகப் பிரிக்கப்படாது என்றார் அண்ணை. மிச்சம் இருந்தது நானும் இவளும். அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். படித்ததைச் சனிக்கிழமைகளில் லாசாலில் அண்ணை வீட்டில் விளையாடிப் பார்ப்போம்.

பிரிட்ஜ் எங்கள் விளையாட்டுக்கு நேர்மாறு. அதில் எதையும் கவிழ்த்து வைப்பதில்லை. எத்தனை பிடி, அதாவது எத்தனை சுற்று, எடுப்போம், எது துரும்பு என்பதை ஏலம்போல ஆளாளுக்கு வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியின் மூலம்தான் சோடிக்கு நம் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். மனைவிக்கு இது ஒரு வெட்கக்கேடான காரியமாகவே பட்டது.

"எதிராளிக்கும் கேக்குமே!" என்றாள் முதல் நாள்.

"கேக்கட்டும். அதுதான் விளையாட்டு" என்றேன்.

"அப்ப எங்கட கையை விரிச்சுக் காட்டிப்போட்டு வீட்டை போவமே."

அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது நான் ஒரு நோ ட்ரம்ப், அதாவது துரும்பே இல்லாத ஆட்டம், என்று தொடங்கும் இடம். அப்படித் தொடங்கினால் பொருள் இதுதான்: என் கையில் நல்ல பலம் இருக்கிறது, ஆனால் எந்த இனத்திலும் தனி விருப்பம் இல்லை, எல்லாம் சமன். அதைச் சொன்ன கையோடு என் அதிகாரம் முடிந்துவிடும். இனி எங்கே போவது என்று தீர்மானிப்பது எதிரே இருக்கும் சோடி. சோடியிடம் ஸ்பேட்டோ ஹார்ட்டோ நீளமாக, நிறையத் தாள்களோடு, இருந்தால் பிரச்சினை இல்லை. அவை பெரிய இனங்கள், மரியாதையோடு கேட்கலாம். கலாவரையும் டயமண்டும் சின்ன இனங்கள். பலமில்லாத கையில் ஆறு கலாவரை வந்தால் என்ன செய்வது? அதற்கு எங்களுக்குப் படிப்பித்த வழி, இரண்டு ஸ்பேட் என்று கேட்பது. அதற்கும் ஸ்பேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னிடம் ஒரு சின்ன இனம் நீளமாக இருக்கிறது, நீ மறுபேச்சில்லாமல் மூன்று கலாவரை சொல்லு என்பதுதான் அதன் பொருள். கலாவரைதான் வேண்டுமென்றால் சோடி அதோடு விட்டுவிடும். டயமண்ட் என்றால் மாற்றிச் சொல்லும். நோ ட்ரம்ப் சொன்னவனின் விருப்பம் இதில் எங்கும் வராது.

இவ்வளவையும் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தோம். ஆனாலும் அந்த இரண்டு ஸ்பேட் அவள் வாயில் வரவே வராது. ஆறு கலாவரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாஸ்" என்பாள். நான் ஒரு நோ ட்ரம்ப்பை விளையாடி, கேட்ட பிடி எடுக்க முடியாமல் தாழ்ந்து போவேன். விதிப்படி அவள் மேசையில் விரித்து வைத்த கையில் அந்தக் கலாவரைகள் ஒரு பிடியும் எடுக்காமல் வரிசையாகக் கிடக்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அண்ணை வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கார் இருபதாம் நெடுஞ்சாலையில் ஏறியதும் தொடங்குவேன்.

"ஆறு கலாவரையை வச்சுக்கொண்டு ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"ஒரு ராணி, ஒரு ஜாக். மிச்சமெல்லாம் நாலும் மூண்டும். இதை ஒரு கையெண்டு ஊருக்குச் சொல்லவோ?"

"துரும்பாக்கினா அந்த நாலும் மூண்டும்தான் பிடி எடுக்கும். நீர் சொன்னாத்தானே எனக்குத் தெரியும்!"

"உங்கட முகத்தைப் பாத்தன். நோ ட்ரம்ப்பிலேயே வெல்லுவியள்போலக் கிடந்தது."

அங்கேதான் எனக்குக் கட்டு மீறிப் போகும். பிரிட்ஜில் சோடியின் முகத்தைப் பார்த்து விளையாடுவது பெரிய குற்றம். வாயால் வந்த கேள்வியை மட்டுமே கணக்கில் எடுக்கலாம். எப்படிச் சொன்னார், எவ்வளவு நேரம் யோசித்தார், மூஞ்சி எப்படி இருந்தது என்பதெல்லாம் கண்ணில் பட்டாலும் படாததுபோல் இருக்க வேண்டும். அதுதான் அந்த விளையாட்டின் மானம்.

"என்ர முகத்தைப் பாக்காதையும்! அது களவு! என்ர வாயால என்ன வந்ததோ அதை மட்டும் கணக்கில எடும்!" என்று கத்துவேன். பக்கத்து வரிசையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்கட வாயை நம்பி நான் எந்த நாளில என்ன செய்தனான்?" என்பாள் அவள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் மகன் ரொறன்ரோவில் இருந்து அந்தக் கதையை எடுத்தான். அவன் அங்கே வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அப்போது பேத்தி பிறந்து தவழத் தொடங்கியிருந்தாள். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கே வாருங்கள், பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்க்கலாம் என்றான்.

எனக்குப் போக விருப்பம். விருப்பம் என்று சும்மா சொல்கிறேன்; உள்ளுக்குள் நான் ஏற்கனவே பெட்டி கட்டிவிட்டேன். போனில் என் முகத்தைக் கண்டால் அந்தப் பிள்ளை திரையை நக்கும். அதைப் பார்த்த பிறகு எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. முதல் அடி வைக்கும்போது பிடிக்க என் விரல் அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அங்கே போனால் முடி வெட்டும் கடையில்கூடத் தமிழில் அரசியல் கதைக்கலாம். இங்கே மருந்துக் கடைக்காரி இரண்டாவது வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னாலே எனக்கு வியர்த்துவிடும்.

ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போவோம் என்று சொன்னது நான். கொழும்பில் இருந்து இந்த நாட்டுக்கு என்றதும் நான். சென்ட் லோரன்ட் போதும், வீடு வாங்குவோம் என்றதும் நான்தான். ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியோடு வந்தாள். இந்த முறையாவது அவளைக் கேட்டு நடந்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். கேட்டாலும் எங்கே போய்விடுவாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு போவம் என்றுதானே சொல்லப்போகிறாள்? மகன் போனில் கேட்டபோது நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்:

"எனக்கு எல்லாம் ஒண்டுதானப்பா. அம்மா என்ன சொல்லுறாவோ அதைச் செய்வம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

மகன் பொறுக்கவில்லை. வீடு விற்றுக் கொடுக்கும் ஒரு அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க ஒழுங்கு செய்துவிட்டான். அதற்கு முதல் நாள் வழக்கம்போல நாங்கள் லாசாலுக்குப் போனோம். அக்கா ரோல்ஸ் செய்திருந்தா. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள் முழுக்கச் சிவந்திருந்தன. இதை எல்லாம் விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று எனக்கு ஒரு இளகிய மனநிலை. போகப்போகிறவனுக்கு எல்லாம் அழகாகத்தானே தெரியும்.

மூன்றாவதோ நாலாவதோ கையில் நான் ஒரு நோ ட்ரம்ப் என்றேன். என் இடப்பக்கம் இருந்த அண்ணை பாஸ் சொன்னார். மனைவி தன் தாள்களைப் பார்த்தாள். பழக்கத்தில் என் முகத்தை நோக்கித் தலை நிமிர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டாள்.

"டூ ஸ்பேட்."

அண்ணை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். எனக்கு ஏதோ கொடி ஏறியதுபோல் இருந்தது. படித்தபடியே மூன்று கலாவரை என்றேன். மூன்று பேரும் பாஸ்.

அவள் கையை விரித்தாள். ஆறு கலாவரை: ராணி, ஜாக், மிச்சமெல்லாம் சின்னன். வேறு இனங்களில் ஒரு படம் போட்ட தாள்கூட இல்லை. மூன்று கலாவரை என்றால் ஒன்பது பிடி எடுக்க வேண்டும். அண்ணை கலாவரை ஏஸை வைத்துக்கொண்டு என்னை வதைத்துப் பார்த்தார். ஒரு பிடிதான் எடுக்க முடிந்தது. மற்ற ஐந்தும் அந்தக் கலாவரைகளுக்கு. என் ஸ்பேட் இரண்டு, ஹார்ட் ஒன்று. ஒன்பதாவது பிடி என் டயமண்ட் ராசாவில் தொங்கியது. டயமண்ட் ஏஸ் எனக்கு முன்னால் விளையாட வேண்டிய அக்காவிடம் இருந்தது. அவ ஏஸைப் போட்டா, ராசா தப்பியது. சரியாக ஒன்பது.

"உந்தக் குப்பையை வச்சுக்கொண்டோ பிள்ளை வாயைத் திறந்தனீர்?" என்றார் அண்ணை.

"குப்பையெண்டாலும் என்ர குப்பை, அண்ணை" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். நான்தான் கூடச் சிரித்தேன்.

திரும்பி வரும்போது காரில் சண்டை இல்லை. அன்றைக்கு அவளைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். சென்ட் ரெஜி வீதியில் முருகன் கோயிலைத் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கும்பிட்ட கையை மடியில் வைத்தபடி சொன்னாள்:

"நான் ரொறன்ரோவுக்கு வரேல்லை."

நான் காரை ஓரத்தில் எடுத்தேன்.

"சொல்ல வெக்கமாக் கிடக்கு. எல்லாம் சின்னன்" என்றாள். "நான் வளத்த பிள்ளையள் இப்ப மீசை முளைச்சுப்போய் மெட்றோவில என்னைக் கண்டா போன்ஜூர் எண்டு ஓடிவருகுதுகள். வெள்ளிக்கிழமையில கோயில்ல பூக்கட்ட எனக்கெண்டு ஒரு மூலை இருக்கு. காலமை எழும்பினா அக்கா போன் எடுப்பா. பஸ்ஸுக்கு ஆரையும் கேக்காமல் நானே போய் வருவன். அங்க போனா மகன்ர காருக்குக் காத்துக்கொண்டிருக்க வேணும். உதுகளை ஒரு காரணமெண்டு அவனுக்குச் சொல்லேலுமோ? நாட்டை விட்டே வந்த ஆக்கள், பூக்கட்டுறதுக்காக நிக்கிறமெண்டு சொல்லேலுமோ?"

பிறகு, "உங்களுக்கு எல்லாம் ஒண்டுதான் எண்டு சொன்னபடியாத்தான் நான் சொல்லுறன்" என்றாள்.

இல்லை, எனக்கு எல்லாம் ஒன்றில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் கலியாணம் கட்டிய நாளில் இருந்து முதல் தடவையாகத் தன் கையைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு நோ ட்ரம்ப் சொன்னவன் என்ன சொல்ல முடியும்?

"சரி, நிப்பம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குச் சொல்லி, வீடு விற்கும் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதை மறித்தோம். பிறகு நான் பின்வளவுக்குப் போய் இலை கூட்டினேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது, கூட்டக் கூட்ட வந்தது. கூட்டினேன். அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

பேத்தி நடந்ததை நான் போனில்தான் பார்த்தேன். அவள் பிடித்தது சோபாக் காலை. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், நாங்கள் விடுமுறைக்குப் போனால் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சுகம் விசாரித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். நல்ல பிள்ளை. ஆனால் திரையை நக்கிய பிள்ளை வேறு.

நின்றதில் எனக்கு நட்டமென்றும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள்போல் எனக்கு இனி வராது. மனைவி வாய் திறந்து கேட்கத் தொடங்கினாள், நாங்கள் வெல்லத் தொடங்கினோம், அண்ணை தோற்றுவிட்டு அக்காவோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். அவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடுவதில் ஒரு தனிச் சுகம். அதுவும் நிலைக்கவில்லை. அண்ணைக்கு முழங்கால் மோசமாகி, போன வருசம் இரண்டு பேரும் மகளோடு இருக்கக் கல்கரிக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று அண்ணை தன் கடதாசிக் கட்டை என் கையில் தந்தார். அதை இன்னும் பிரிக்க மனம் வரவில்லை.

இப்போது நாங்கள் சமையலறை மேசையில் எதிரெதிரே இருந்து, ஆளுக்கொரு டேப்லட்டில் விளையாடுகிறோம். மற்ற இரண்டு இடத்திலும் இயந்திரம். அது சண்டை பிடிக்காது, ரோல்ஸ் கொண்டுவராது. போன சனிக்கிழமை அப்படி இருக்கும்போது நான் ஒரு நோ ட்ரம்ப்பை அழுத்திவிட்டு, ஏனோ தெரியாது, சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு எனக்கு உண்மையில போகத்தான் விருப்பமாக் கிடந்தது."

"தெரியும்" என்றாள் தலை நிமிராமல்.

"தெரியுமோ?"

"மகன் போனில கேக்கேக்க உங்கட சொண்டு துடிச்சது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு வந்த கோபம். "தெரிஞ்சுகொண்டோ வரேல்லை எண்டு சொன்னனீர்?"

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கொழும்புக்கு வெளிக்கிடேக்க உங்கட முகத்தைப் பாத்தன். இஞ்ச வரேக்க பாத்தன். இந்த வீடு வாங்கேக்கயும் பாத்தன். காலம் முழுக்க உங்கட முகத்தைப் பாத்துத்தானே விளையாடினனான். முகத்தைப் பாக்கிறது களவு, வாயால வந்ததை மட்டும் கணக்கில எடும் எண்டு காருக்குள்ள கத்தினது நீங்கள்தானே? ஒரேயொருக்கா உங்கட வாயை நம்பினன்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் திரையைத் தட்டினாள். என் டேப்லட் மெல்ல ஒலித்தது. என் முறை வந்திருந்தது. இரண்டு ஸ்பேட் கேட்டிருந்தாள்.

மூன்று கலாவரையை அழுத்தினேன்.